திரும்பிய நேரம்

23 ஜூன் 2024, ஞாயிறு

தாரணிக்கு இடம் கிடைத்துவிட்டது. திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்திலேயே, எம்.எஸ்ஸி. புள்ளியியல். காலை 9.15-க்கு அவள் செல்போனில் தகவல் வந்தது. 9.16-க்கு அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். 9.20-க்கு நான் கடைக்குப் போய் அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தேன். 9.45-க்குச் சண்டை ஆரம்பித்தது. அல்வாவை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

“ஹாஸ்டலுக்கும் சேத்துதாம்ப்பா எழுதிப் போட்டிருக்கேன்,” என்றாள் தாரணி.

“யாரைக் கேட்டு?”

“இங்கேருந்து ரயிலு, ஜங்ஷன்லேருந்து பஸ்ஸு. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். தெனமும் நாலு மணி நேரம் ரோட்டுலயே போயிரும்.”

“ரயில்ல உக்காந்து படி. ஃபேன் இருக்கு, லைட்டு இருக்கு. யாரு வேண்டாம்னு சொன்னா?”

அடுப்படி வாசலில் நின்றிருந்த ஆவுடை, “அவ கேக்கதுல என்ன தப்பு இருக்கு?” என்றாள். முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். என் பேச்சுக்குக் குறுக்கே அவள் பேசிய நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

சுவரில் மாலை போட்டிருக்கும் படத்தை நான் கையால் காட்டினேன். எங்கள் மூத்த மகள் செண்பகமும் அதே வளாகத்தில், அதே ஹாஸ்டலில்தான் இருந்தாள். அவள் கண்ணை மூடி எட்டு வருஷம் ஆகிறது.

ஆவுடை அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்து உள்ளே வைத்தாள்.

24 ஜூன், திங்கள்

இரவு முழுக்க யோசித்துவிட்டேன். நான் அநியாயக்காரன் இல்லை. கோவில்பட்டித் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் இருபத்தேழு வருஷமாக டைம் ஆபீஸ் என் பொறுப்பு. நானூறு பேர் வருவதும் போவதும் இந்தக் கோமதிநாயகத்தின் பேனாவைத் தாண்டித்தான். வீட்டு விஷயத்தையும் ஆத்திரப்படாமல் கம்பெனி முறையிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் பரீட்சை. தாரணி ரயிலில் போய் வரட்டும். இந்த டைரியில் தினமும் அவளுக்கு ஒரு வரி போடுவேன். புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், கையெழுத்து. மாலை 7.30 தாண்டினால் சிவப்பு மை. மூன்று சிவப்பு விழுந்தால் படிப்பை நிறுத்த வேண்டியதுதான். விழாவிட்டால் இரண்டு வருஷமும் ரயிலிலேயே போய் வரலாம்.

“அப்போ ஹாஸ்டலு?” என்று கேட்டாள் ஆவுடை.

“அது எதுலயும் வரலியே.”

டைரி எப்போதும் போல முன்னறை மேஜையில் திறந்தே இருக்கும். கம்பெனியிலும் ஏடு திறந்துதான் கிடக்கும். ஒருவரும் அடுத்தவர் வரியைப் படிப்பதில்லை. தன் பெயரைத் தேடிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். தாரணியும் அப்படித்தான் செய்வாள். படித்தால்தான் என்ன, படித்தால் பயம் இருக்கும்.

ஆவுடைக்கு வரி போடவில்லை. அவள் எங்கே போகப் போகிறாள்!

தாரணியின் அசல் சான்றிதழ்கள் அனைத்தையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டாம் தட்டில் என் பழைய டைரிகள். 1997-இல் தொடங்கி 2023 வரை இருபத்தேழு. அதற்கு மேல் அவளுடைய சான்றிதழ்கள். சாவி வழக்கம்போல என் அரைஞாண் கயிற்றில்.

1 ஜூலை, திங்கள்

முதல் நாள். நானே ஸ்டேஷன் வரை போய் மகளிர் பெட்டியில் ஏற்றிவிட்டேன். புதுக் குடை வாங்கிக் கொடுத்தேன். “எங்கயாவது விட்டுட்டு வந்துராத” என்றேன். சிரித்தாள். சிரித்தால் செண்பகம் மாதிரியே இருக்கிறாள். ரயில் கண்ணிலிருந்து மறையும்வரை அங்கேயே நின்றேன். அதை இங்கே எழுதுவதில் வெட்கம் இல்லை.

தாரணி: 6.20 – 7.12. கையெழுத்து ஆயிற்று.

2 ஜூலை, செவ்வாய்

தாரணி: 6.20 – 7.09.

6 ஜூலை, சனி

சனிக்கிழமை அவளுக்கு வகுப்பு இல்லை. எனக்கும் அரை நாள்தான், பத்தரைக்குப் போனால் போதும். 7.10 எண்ணெய் தேய்ப்பு. ஆவுடை உச்சந்தலையில் தட்டித் தட்டி வைத்தாள். 7.30 முதல் கொல்லையில் வெயிலில் உட்கார்ந்தேன். 7.50 குளியல். 8.15 இட்லி. இருபத்தேழு வருஷத்தில் சனி நீராட்டு தவறியது இரண்டே வாரம், அதுவும் செண்பகம் போன துக்கத்தில்.

சாவியை எண்ணெய் படாமல் அவிழ்த்து அடுப்படி ஆணியில் மாட்டுவேன். குளித்துவிட்டு வந்து மறுபடி கட்டிக்கொள்வேன்.

11 ஜூலை, வியாழன்

தாரணி: 6.20 – 7.52. முதல் சிவப்பு.

“கங்கைகொண்டான் பக்கத்துல அரை மணி நேரம் நிறுத்திப் போட்டாம்ப்பா. எல்லாரும் அப்படியேதான் உக்காந்திருந்தோம்.”

“எங்க கம்பெனியில ரயிலு லேட்டுன்னு ஒருத்தன் சொன்னா நான் என்ன செய்வேன்?”

“சிவப்பு மை போடுவீங்க.”

“தெரியுதுல்லா?”

குனிந்து கையெழுத்துப் போட்டாள். ரயில்வேக்காரர்கள் மட்டும் எனக்குக் கீழே வேலை பார்த்திருந்தால் ஒரே வாரத்தில் எல்லாருக்கும் சீட்டைக் கிழித்திருப்பேன்.

14 ஜூலை, ஞாயிறு

கொல்லைச் சுவரின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்தேன். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது, சிமெண்ட் குழைத்து முடிக்க ஒன்றரை ஆகிவிட்டது. பூனைத் தொல்லை என்று அடுத்த வீட்டு ராசையாவிடம் சொன்னேன். சுவர் ஆறரை அடி. இனி எதுவும் ஏறி வராது, எதுவும் ஏறிப் போகவும் செய்யாது. உள்ளங்கையில் ஒரு கீறல். தாரணி மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாள். கை மென்மையான பெண்.

16 ஜூலை, செவ்வாய்

கம்பெனியில் வயிற்றுக்குச் சரியில்லை என்று சொல்லிவிட்டு மதிய ரயிலில் திருநெல்வேலி போனேன். ஜங்ஷனில் தூண் மறைவில் 3.40 முதல் நின்றேன். இதைப் பெற்றவன் செய்யாமல் யார் செய்வது?

தாரணி 4.55-க்கு வந்தாள். கூட ஆண் யாரும் இல்லை. ஐம்பது ஐம்பத்தைந்து வயதில், பருத்திச் சேலையும் கண்ணாடியுமாக ஒரு பெண்மணியோடு பெஞ்சில் உட்கார்ந்து இருபது நிமிஷம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்மணி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். எங்கேயோ பார்த்த முகம். டிபார்ட்மெண்ட் மேடமாக இருக்கும். ஆண் இல்லை என்பதால் எனக்குத் திருப்தி. அதே ரயிலில் கடைசிப் பெட்டியில் ஏறி நானும் வந்துவிட்டேன்.

தாரணி: 6.20 – 7.10.

20 ஜூலை, சனி

7.10 எண்ணெய். 7.30 வெயில். 7.50 குளியல். ஆணியில் சாவி நான் மாட்டியதற்கு எதிர்ப் பக்கமாகத் திரும்பித் தொங்கியது. காற்றாக இருக்கும்.

ஆவுடையின் காதில் தோடு இல்லை. வேப்பங்குச்சி செருகியிருந்தாள். கேட்டதற்கு, “திருகு கழண்டு போச்சு. ஆசாரிட்ட குடுத்திருக்கேன்” என்றாள். எந்த ஆசாரி என்று கேட்க மறந்துவிட்டேன்.

26 ஜூலை, வெள்ளி

ஆடி இரண்டாம் வெள்ளி. செண்பகம் போன நாள்.

படத்துக்குப் புது மாலை போட்டேன். ஆவுடை இத்தனை வருஷமாக ஆடி வெள்ளிக்குக் கோயில் பக்கம் போனதில்லை. அன்றைக்கு அவள் ஊர்க்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. அதனால் அம்மன்மேல் கோபம் என்று நினைத்திருந்தேன். இன்று பதினொன்றுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வர நாலரை ஆனது. கோயில் கூட்டமாம். நெற்றியில் குங்குமம் இல்லை.

தாரணி மாலையில் வந்ததும் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னிடம், “அக்காவுக்கு என்ன ஆச்சுப்பா?” என்று கேட்டாள்.

“தெரியாத மாதிரி கேக்க. வயித்து வலி.”

“வயித்து வலிக்கு யாராவது பூச்சி மருந்து குடிப்பாங்களா?”

“போலீஸ் ஸ்டேஷன்ல அப்படித்தான் எழுதிக் குடுத்தோம். வயித்து வலி தாங்காமன்னு. அதான் உண்மை.”

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது, சித்தி வீட்டில் விட்டிருந்தோம். நடந்தது இதுதான். செண்பகம் ஒரு பையனோடு பஸ் ஸ்டாண்டில் நின்றதைப் பார்த்ததாக நம்பகமான ஆள் ஒருவர் சொன்னார். நான் போய் ஹாஸ்டலிலிருந்து கூட்டி வந்தேன். நாற்பத்தொரு நாள் பின்னறையில் வைத்திருந்தேன். புத்தி வந்ததும் திறந்துவிடுவதாகத்தான் இருந்தேன். வேளாவேளைக்குச் சாப்பாடு, காலை 5.50-க்கும் மாலை 4.00-க்கும் கதவு திறப்பு. ஒரு நாள்கூட நேரம் தவறவில்லை. தோட்டத்துக்கு வாங்கிய மருந்து அந்த அறைப் பரணில் இருந்ததை நான் மறந்துவிட்டேன். மறதி குற்றம் ஆகாது.

தாரணி: 6.20 – 7.08.

27 ஜூலை, சனி

7.10 எண்ணெய். 7.30 வெயில். 7.50 குளியல். இட்லிக்குச் சட்னி இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, சட்டி கரிந்துகொண்டிருந்தது, ஆவுடை தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன ஆச்சு ஒனக்கு?”

“வயித்து வலி,” என்றாள்.

“மாத்திரை வாங்கிட்டு வரட்டா?”

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அழுதிருந்தாள். நேற்றைய நினைவாக இருக்கும். பெற்றவள் அல்லவா. நான் சட்னி இல்லாமலே நான்கு இட்லி சாப்பிட்டேன்.

30 ஜூலை, செவ்வாய்

தாரணி: 6.20 – 7.41. இரண்டாவது சிவப்பு. ஆவுடை மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

31 ஜூலை, புதன்

மாதம் முடிந்தது. தாரணி மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

“ரெண்டுதாம்ப்பா ஆகியிருக்கு. மூணு ஆகல. இனிமே சிவப்பு மை வேண்டாம்லா?”

“இன்னும் ஒரு மாசம் பாப்போம்.”

“ஒரு மாசம்னுதான சொன்னீங்க.”

“சொன்னேன். இப்போ ரெண்டு மாசம்னு சொல்லுதேன்.”

அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. டைரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஜூலையில இருபத்தி மூணு நாள் போயிருக்கேன். பத்தொம்பது நாள் ஏழேகாலுக்கு முந்தியே வந்துட்டேன்,” என்றாள். படிக்கிற படிப்பு அப்படி. எதைப் பார்த்தாலும் எண்ண ஆரம்பித்துவிடுகிறாள். யாருடைய மகள்!

6 ஆகஸ்ட், செவ்வாய்

தாரணி: 6.20 – 8.20. மூன்றாவது சிவப்பு.

தண்டவாளத்தில் மாடு அடிபட்டதாம். இருக்கலாம். நான் மாட்டைப் பற்றி விதி எழுதவில்லை. 7.30 என்றுதான் எழுதியிருந்தேன்.

அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நான் அவசரக்காரன் இல்லை. எந்த ஆளையும் ஏற்பாடு செய்யாமல் நிறுத்துகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

7 ஆகஸ்ட், புதன்

மத்தியானம் விடுப்புப் போட்டுப் பின்னறையைச் சரிசெய்தேன். ஆவுடையின் அரிசிப் பானைகளையும் உடைந்த தையல் மிஷினையும் வெளியே எடுத்துப் போட்டேன். சுவருக்கு ஒரு கை வெள்ளை. பரணில் எதுவும் இல்லை என்று இரண்டு முறை ஏணி போட்டுப் பார்த்துவிட்டேன். என்னை யாரும் அக்கறை இல்லாதவன் என்று சொல்ல முடியாது. பழைய தாழ்ப்பாள் துருப்பிடித்து நகரவே இல்லை. புதியதாக ஒன்பது அங்குலத் தாழ்ப்பாள் வாங்கி வெளிப்பக்கம் அடித்தேன். தேங்காய் எண்ணெய் விட்டதும் வழுக்கிக்கொண்டு போகிறது.

ஆவுடை வாசற்படியில் நின்று பார்த்தாள். பத்து நாளுக்குப் பிறகு இன்றுதான் பேசினாள்.

“யாருக்கு இது?”

“தேங்கா போட்டு வைக்க.”

“தேங்காய்க்கு எதுக்கு வெளிய தாழ்ப்பா?”

நான் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். அவள் பதிலுக்காக நிற்கவில்லை.

தாரணி: 6.20 – 7.07. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

8 ஆகஸ்ட், வியாழன்

நான் நினைத்தது வீண் போகவில்லை. தாரணி குளிக்கப் போன நேரத்தில் அவள் பையைப் பார்த்தேன். நோட்டுக்குள் நாலாய் மடித்த காகிதம். ஹாஸ்டலில் இடம் உறுதி, ஆகஸ்ட் 12 திங்கட்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. கீழே பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் ஆவுடையம்மாள்.

முப்பது வருஷம் நான் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறாள். கோபத்தைவிட வலிதான் அதிகம். ஹாஸ்டல் பணத்துக்குத் தோட்டையும் விற்றிருக்கிறாள், ஆசாரி கதை விட்டிருக்கிறாள்.

காகிதத்தை மடித்த மடிப்பு மாறாமல் அங்கேயே வைத்துவிட்டேன். அசல் சான்றிதழ் இல்லாமல் ஹாஸ்டல்காரர்கள் படியேற விடமாட்டார்கள். அது என் பீரோவில் இருக்கிறது.

தாரணி: 6.20 – 7.11.

9 ஆகஸ்ட், வெள்ளி

முடிவு எடுத்தாயிற்று. ரயிலும் வேண்டாம், ஹாஸ்டலும் வேண்டாம். திங்கள் முதல் தாரணி எங்கும் போகமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் சொல்லிக்கொள்ளலாம், சொல்லிவிட்டு அப்படியே பின்னறை. செல்போனை அதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். இந்த முறை நாள் கணக்கு வைக்கப் போவதில்லை. போன முறை செய்த தவறு அதுதான், நாற்பது நாற்பத்தொன்று என்று எண்ணிக்கொண்டிருந்ததால் செண்பகமும் எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்து மணிக்கே இதை எழுதி முடித்துவிட்டேன். மனசு லேசாக இருந்தது.

தாரணி: 6.20 – 7.05. கையெழுத்துப் போட வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தாள். என்ன என்றேன். பேனா எழுதவில்லை என்றாள். இரவு ஆவுடை வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தாள், எனக்குப் பிடித்தது. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாள் ஆகிறது. குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

10 ஆகஸ்ட், சனி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். இப்போது மணி 10.05.

7.10-க்கு எண்ணெய். ஆவுடை தானாகவே கிண்ணத்தோடு வந்தாள். “இன்னைக்கு நல்லா ஊறட்டும். அவசரம் ஒண்ணும் இல்லல்லா?” என்றாள். காதிலும் கண்ணிலும்கூட வைத்துவிட்டாள். சாவியை ஆணியில் மாட்டினேன். 7.30-க்குக் கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கண் எரிந்தது, மூடிக்கொண்டேன்.

7.45-க்கு வெந்நீர் கேட்டுக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஆவுடை என்றேன், தாரணி என்றேன், திறங்கட்டி என்றேன். கோவணத்தோடு, உடம்பெல்லாம் எண்ணெயோடு ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் கத்த முடியும்? சுவரில் ஏறலாம் என்று கை வைத்தேன். கண்ணாடி நன்றாகத்தான் பதிந்திருக்கிறது. இரண்டு கையிலும் இப்போது துணி சுற்றியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் இருக்கும் கறை அதனால்தான்.

9.10-க்கு ராசையா வந்து திறந்தார். வாசல் கதவு திறந்தே கிடந்ததாம். “சத்தம் கேட்டுது அண்ணாச்சி. அண்ணி கூட சண்ட போடுதீங்கன்னு நெனச்சேன். அதான் வரல,” என்றார். ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம். உள்ளே இருந்து ஒருவன் கூப்பிடுகிறான், கேட்ட ஆள் நடிப்பு என்றும் சண்டை என்றும் நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான்.

முன்னறையில் இட்லி மூடி வைத்திருந்தது. சட்னியும் இருந்தது. டைரி திறந்திருந்தது. என் சிவப்புப் பேனா மூடியில்லாமல் பக்கத்தில் கிடந்தது.

தாரணி. புறப்பட்ட நேரம் 7.35. கையெழுத்து. திரும்பிய நேரத்தில் சிவப்புக் கோடு. கம்பெனியில் ஓர் ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டால் மாதக் கடைசி வரை நான் அடிப்பேனே, அதே கோடு. பக்கத்தைத் திருப்பினேன். ஆகஸ்ட் 31 வரை அடித்திருக்கிறாள், ஸ்கேல் வைத்து.

அதற்குக் கீழே இன்னொரு வரி. நான் போடாத வரி. எழுத்துக் கூட்டி எழுதியது போல் பெரிது பெரிதாக ஆவுடையம்மாள், 7.35. அதற்கும் ஒரு கோடு.

சாவி ஆணியில் ஒழுங்காகத் தொங்கியது. பீரோவைத் திறந்தேன். சான்றிதழ்கள் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். இரண்டாம் தட்டில் டைரிகளை எண்ணினேன். இருபத்தாறு. மறுபடி எண்ணினேன். 2015-க்கு அடுத்து 2017 இருக்கிறது.

அந்த ஜங்ஷன் பெஞ்சுப் பெண்மணி யார் என்று இப்போது ஞாபகம் வந்துவிட்டது. எஸ்தர். செண்பகம் இருந்தபோது ஹாஸ்டல் வார்டன். அன்று செண்பகத்தைக் கூட்டி வரும்போது ஏட்டை என் முன்னால் நீட்டி, “அப்பான்னு கையெழுத்துப் போடுங்க. என்னைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவீங்கன்னும் எழுதுங்க,” என்றவள். திங்கட்கிழமை என்று எழுதினேன். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலுக்கே வந்து நின்றாள். பெண்ணுக்குக் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பினேன். எட்டு வருஷமாக அவளுடைய ஏட்டில் திரும்பி வந்த நாளுக்கான கட்டம் காலியாகவே இருந்திருக்கும்.

அவர்கள் அந்த டைரியை எங்கே கொண்டு போயிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். கொண்டு போகட்டும். அதில் என்ன இருக்கிறது? நான் பொய் எழுதுகிறவன் இல்லை. சாப்பாடு கொடுத்த நேரம் இருக்கும். கதவு திறந்த நேரம் இருக்கும். கடைசி நாள், ஆடி இரண்டாம் வெள்ளி, ஆவுடை கோயிலுக்குக் கிளம்பிய நேரமும் இருக்கும்.

அவள் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாலு மணிக்குக் கதவைத் திறந்தேன், அப்போதுதான் தெரிந்தது என்று அவளிடம் சொன்னேன். ஸ்டேஷனிலும் அதையே சொன்னேன். எட்டு வருஷமாக அவள் அதை நம்பினாள்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றாமல் ஏறி வருகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள். மணி 10.40.

அந்த ஆடி வெள்ளியின் பக்கத்தில் என்ன எழுதினேன் என்பது வரி வரியாக நினைவிருக்கிறது. 2.10, அப்பா எரியுது கதவைத் திறங்க என்று கூப்பிட்டாள். 2.25, மறுபடியும். 2.50, குரல் குறைந்தது. நடிப்பு. 4.00, கதவு திறப்பு, நேரம் தவறவில்லை.